இரண்டு கேன்களிலும் 5டபிள்யூ-30 என்றுதான் இருந்தது

சென்ற மாதம் அண்ணி இரண்டு புகைப்படங்களை அனுப்பி, "தம்பி, இதில் எதை வாங்குவது?" என்று கேட்டிருந்தார். இரண்டும் என்ஜின் ஆயில் கேன்கள். இரண்டின் முன்பக்கத்திலும் 5டபிள்யூ-30 என்று பெரிய எழுத்தில் இருந்தது. இரண்டும் தம்மை ஃபுல்லி சிந்தெட்டிக் என்றே சொல்லிக்கொண்டன. இரண்டும் பெயர்பெற்ற நிறுவனங்களுடையவை. அப்படியானால் விலை குறைந்ததை எடுத்துக்கொள்ளலாமே என்பதுதான் கேள்வியின் உட்பொருள். கேன்களின் பின்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொன்னேன். ஒன்றில் ஏசிஇஏ ஏ5/பி5 என்றும், மற்றதில் ஏசிஇஏ சி3 என்றும் சிறிய எழுத்தில் இருந்தன. ஐரோப்பியக் கார் தயாரிப்பாளர்களின் சங்கம் ஆயிலுக்கு வகுத்த தர வகுப்புகள் இவை. அண்ணன் வீட்டுக் கார் டீசலில் ஓடுவது. அதன் புகைக்குழாயில் புகைக்கரியைப் பிடித்துவைத்து எரிக்கும் டிபிஎஃப் வடிகட்டி உண்டு. அதன் கையேடு சி3 வகையைக் கேட்கிறது. ஆகவே, 5டபிள்யூ-30 என்ற ஒரே கிரேடைத் தாங்கிய அந்த இரண்டு கேன்களில் ஒன்று அந்தக் காருக்கு உரியது, மற்றது அதில் ஊற்றக்கூடாதது.

இதைத் தொலைபேசியில் பத்து நிமிடத்தில் விளக்க முயன்று நடுவே நானே இரண்டு முறை குழம்பியதால், முறையாக எழுதிவைப்பது நல்லது என்று தோன்றியது. நான் மெக்கானிக் இல்லை. பல ஆண்டுகளாகச் சொந்தக் காரின் ஆயிலைத் தானே மாற்றிவருகிற, கேன்களின் பின்பக்கத்தைப் படிக்கும் பழக்கம் தொற்றிக்கொண்ட ஒரு குடும்பஸ்தன், அவ்வளவுதான். இதில் ஒருமுறை தவறு செய்தும் இருக்கிறேன்; அதைப் பிறகு சொல்கிறேன்.

எந்த ஆயில் சிறந்தது என்று பொதுவாகக் கேட்டால் அதற்கு விடை கிடையாது. இந்த என்ஜினுக்கு எந்த ஆயில் என்று கேட்டால் விடை உண்டு; அந்த விடை காரோடு வந்த உரிமையாளர் கையேட்டின் கடைசிப் பக்கங்களில், டயர் காற்றழுத்தத்துக்கும் பல்புகளின் வாட் அளவுக்கும் அருகில், ஏற்கெனவே அச்சாகியிருக்கிறது. பழைய காராக வாங்கியதால் கையேடு கைக்கு வரவில்லை என்றால், பெரும்பாலான தயாரிப்பாளர்கள் அதை இணையத்தில் வைத்திருக்கிறார்கள். சில கார்களில் ஆயில் ஊற்றும் மூடியின் மேலேயே கிரேடு பொறிக்கப்பட்டிருக்கும். ஆனால் மூடி கிரேடை மட்டும்தான் சொல்லும். கையேடு கிரேடோடு தர வகுப்பையும், சில சமயம் தயாரிப்பாளரின் சொந்தத் தர எண்ணையும், எத்தனை லிட்டர் என்பதையும் சேர்த்துச் சொல்லும். அண்ணிக்கு ஏற்பட்ட குழப்பம் முழுவதும் கிரேடோடு நின்றுவிட்டதால் வந்ததுதான்.

ஆயில் என்றால் உராய்வைக் குறைக்கும் வழுவழுப்பான திரவம் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தால், கையேடு ஏன் இத்தனை கறாராக இருக்கிறது என்பது புரியாது. பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுழலும்போது, அது தன்னைத் தாங்கும் பேரிங்கின் உலோகத்தைத் தொடுவதே இல்லை. சுழற்சியின் வேகத்தால் இடையே இழுக்கப்படும் மெல்லிய ஆயில் படலத்தின் மேல் மிதந்தபடி சுழல்கிறது. அந்தப் படலத்தின் தடிமன் ஆயிலின் பாகுத்தன்மையை, அதாவது அது எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதைப் பொறுத்தது. இதைத் தவிர, பிஸ்டனின் அடிப்பகுதியிலிருந்து வெப்பத்தை ஏந்திக்கொண்டு போவது, எரிபொருள் எரிந்த கசடைத் தன்னுள் மிதக்கவிட்டு ஃபில்டர் வரை கொண்டுசேர்ப்பது, பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடைப்பட்ட இடைவெளியை அடைப்பது எல்லாம் அதன் வேலைகளே. இன்றைய என்ஜின்களில் இன்னொரு வேலையும் சேர்ந்துவிட்டது. வால்வுகள் திறக்கும் நேரத்தை முன்னும் பின்னும் நகர்த்தும் அமைப்பும், டைமிங் செயினை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரும் ஆயிலின் அழுத்தத்தால்தான் இயங்குகின்றன. அங்கே ஆயில் பாகங்களை இயக்கும் திரவம்; நுண்ணிய துளைகளின் வழியே குறித்த நேரத்துக்குள் அது பாய்ந்தாக வேண்டும்.

இனி கிரேடு. 5டபிள்யூ-30 என்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்ஏஇ வகுத்த ஜே300 என்னும் தரத்தின்படி, டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண், எவ்வளவு குளிர் வரை என்ஜினைச் சுழற்றித் துவக்க ஆயில் இடங்கொடுக்கிறது என்பதைக் காட்டுகிறது. 0டபிள்யூ ஆயில் மைனஸ் 35 டிகிரி செல்சியஸிலும், 5டபிள்யூ மைனஸ் 30 டிகிரியிலும், 10டபிள்யூ மைனஸ் 25 டிகிரியிலும், 15டபிள்யூ மைனஸ் 20 டிகிரியிலும் அந்தச் சோதனையில் தேற வேண்டும். பின்னால் உள்ள எண், என்ஜின் சூடேறிய பின் உள்ள பாகுத்தன்மையைச் சொல்கிறது. 100 டிகிரி செல்சியஸில் 20 கிரேடு 6.9 முதல் 9.3 சென்டிஸ்டோக்ஸுக்குள்ளும் (பாகுத்தன்மையின் அலகு), 30 கிரேடு 9.3 முதல் 12.5-க்குள்ளும், 40 கிரேடு 12.5 முதல் 16.3-க்குள்ளும், 50 கிரேடு 16.3 முதல் 21.9-க்குள்ளும் இருக்க வேண்டும். ஆக, எண் ஒவ்வொன்றும் ஓர் எல்லைக்குள் அடங்கும் பட்டை. இரண்டு நிறுவனங்களின் 30 கிரேடுகள் ஒன்றுக்கொன்று சற்று வேறுபட்டிருப்பதில் வியப்பில்லை.

இந்த இரண்டு எண்களையும் பார்த்துப் பலரும் ஒரு தவறான முடிவுக்கு வருகிறார்கள்: குளிரில் 5 என்ற அளவுக்கு நீர்த்திருக்கும் ஆயில் சூட்டில் 30 என்ற அளவுக்குக் கெட்டியாகிறது என்று எண்ணிக்கொள்கிறார்கள். எந்த ஆயிலும் சூடேறினால் நீர்க்கத்தான் செய்யும். வழக்கமான 5டபிள்யூ-30 ஆயில் 100 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் ஐந்தாறு மடங்கு கெட்டியாக இருக்கும். முன்னெண்ணும் பின்னெண்ணும் இரு வேறு அளவுகோல்களில் எடுத்தவை. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. 5டபிள்யூ-40, 15டபிள்யூ-40 ஆகிய இரண்டும் சூடான என்ஜினுக்குள் ஒரே பட்டையில்தான் இருக்கும். விடியற்காலையில் முதல் சில நொடிகளில் என்ஜினின் மேல்பகுதிக்கு எவ்வளவு விரைவாக ஏறுகின்றன என்பதில்தான் அவை வேறுபடும். அதேபோல 0டபிள்யூ-40 என்ற ஆயிலைத் தண்ணீர் போன்றது என்று சொல்லி ஒதுக்குவதும் பிழை. சூட்டில் அது 15டபிள்யூ-40-இன் பட்டையிலேயே நிற்கிறது.

பேரிங்குக்குள் ஆயில் 100 டிகிரியோடு நிற்பதில்லை, அமைதியாகவும் இருப்பதில்லை. ஆகவே 150 டிகிரியில், பலமாக நசுக்கி உராயவிட்டு எடுக்கும் இன்னோர் அளவும் உண்டு, எச்டிஎச்எஸ் என்பார்கள். 20 கிரேடுக்குக் குறைந்தது 2.6, 30 கிரேடுக்குக் குறைந்தது 2.9 மில்லிபாஸ்கல்-வினாடி என்று ஜே300 வரையறுக்கிறது. கேனின் முன்பக்கத்தில் இந்த எண் ஒருபோதும் இருக்காது. ஆனால் அண்ணி அனுப்பிய இரண்டு கேன்களின் வேறுபாட்டில் பாதி இதில்தான் இருந்தது. ஏ5/பி5 வகுப்பு ஆயில் 2.9 முதல் 3.5 வரை இருக்கும். சி3 வகுப்பு ஆயில் 3.5-க்குக் குறையக்கூடாது. இரண்டுமே ஜே300-இன்படி 30 கிரேடுதான்.

என் தவறைச் சொல்ல இதுவே இடம். தொண்ணூறாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஒரு பெட்ரோல் காரைச் சில ஆண்டுகளுக்கு முன் வாங்கினேன். கையேடு 5டபிள்யூ-30 என்றது. வண்டியைப் பார்த்த ஒரு மெக்கானிக், "வயசான என்ஜினுக்குக் கெட்டி ஆயில்தான் சார் தாங்கும்" என்று சொல்லி 20டபிள்யூ-50 ஊற்றினார். அவர் சொன்னதில் எனக்கும் நியாயம் தெரிந்தது, தடுக்கவில்லை. காலையில் வண்டியைத் துவக்கியவுடன் ஓரிரு நொடியில் அடங்கிக்கொண்டிருந்த டேப்பெட் (வால்வை இயக்கும் பாகம்) சத்தம் அதன் பிறகு ஐந்தாறு நொடி நீடித்தது. குளிர் சற்றுக் கூடிய நாட்களில் ஒரு காலை, என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரிந்தது. ஸ்கேன் கருவியை மாட்டிப் பார்த்தபோது, வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பு கட்டளைக்கு ஏற்ப நகரவில்லை என்ற பிழைக் குறியீடு வந்தது. அந்த உதிரிப்பாகத்தையே மாற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். அதற்கு முன் ஆயிலை இறக்கிவிட்டுக் கையேட்டில் உள்ளதை ஊற்றிப் பார்ப்போம் என்று தோன்றியது. ஊற்றினேன், குறியீட்டை அழித்தேன், பிறகு அது திரும்ப வரவில்லை. கெட்டி ஆயில்தான் காரணம் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க என்னால் முடியாது, ஆனால் எனக்கு அதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

கெட்டி ஆயில் பாதுகாப்பு என்ற நம்பிக்கைக்கு வேர் இல்லாமல் இல்லை. தேய்ந்த என்ஜினில் இடைவெளிகள் கூடியிருக்கும், ஆயில் அழுத்தம் குறைந்திருக்கும், கெட்டி ஆயில் அந்த அழுத்தத்தைச் சற்று உயர்த்திக் காட்டும். ஆனால் அழுத்தமானி உயர்வது வேறு, ஆயில் போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு வேண்டிய அளவு போய்ச் சேர்வது வேறு. குறுகிய துளைக்கு முன்னால் தேங்கி நிற்கும் ஆயிலும் அழுத்தத்தைக் கூட்டிக்காட்டும். வெயில் அதிகமான ஊர்களில் கெட்டி ஆயில்தான் வேண்டும் என்ற வாதத்தையும் அடிக்கடி கேட்கிறேன். வெளியே 20 டிகிரி இருந்தாலும் 40 டிகிரி இருந்தாலும், தெர்மோஸ்டாட் என்ஜினின் குளிர்விப்பு நீரை ஏறத்தாழ 90 டிகிரிக்குப் பக்கத்திலேயே நிறுத்தப் பார்க்கிறது. ஆகவே சாதாரண ஓட்டத்தில் ஆயிலின் வெப்பம் வெளி வெயிலோடு அப்படியே சேர்ந்து ஏறுவதில்லை. நீண்ட மேட்டுச்சாலையில் முழுச் சுமையோடு ஏறுவது, பின்னால் டிரெய்லர் இழுப்பது ஆகியவை ஆயிலை வெயிலைவிட அதிகமாகச் சூடாக்கும்.

இதற்கு மறுபக்கமும் உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். பல கையேடுகள் ஒரே ஒரு கிரேடைச் சொல்லாமல், வெளி வெப்பநிலைக்கேற்ப மூன்று நான்கு கிரேடுகளைப் பட்டை பட்டையாக வரைந்து காட்டுகின்றன. ஒரே என்ஜினுக்கு ஒரு நாட்டுக் கையேடு 0டபிள்யூ-20 என்றும், இன்னொரு நாட்டுக் கையேடு 5டபிள்யூ-30 என்றும் சொல்வதைக் காணலாம். எரிபொருள் சிக்கன விதிகளும் அதற்கு ஒரு காரணம். ஆகவே கிரேடு கல்வெட்டு இல்லை. ஆனால் எவ்வளவு தூரம் நகரலாம் என்ற எல்லையும் அந்த வரைபடத்திலேயே இருக்கிறது. வயதான என்ஜின் ஆயிலைக் கொஞ்சம் குடிக்கிறது என்றால், வரைபடம் அனுமதிக்கும் கிரேடுகளுள் கெட்டியானதற்கு மாறுவது நியாயமான முடிவு. வரைபடத்தில் இல்லாத 20டபிள்யூ-50-க்கு மாறுவதுதான் நான் செய்த பிழை.

கிரேடுக்கு அடுத்தது தர வகுப்பு. அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏபிஐ, பெட்ரோல் என்ஜின் ஆயில்களுக்கு எஸ் எழுத்தில் தொடங்கும் வகுப்புகளை வைத்திருக்கிறது: எஸ்எல் 2001-இலும், எஸ்எம் 2004-இலும், எஸ்என் 2010-இலும், எஸ்பி 2020-இலும், எஸ்க்யூ 2025-இலும் வந்தவை. இரண்டாம் எழுத்து அகரவரிசையில் எவ்வளவு பின்னால் இருக்கிறதோ அவ்வளவு புதியது. கையேடு எஸ்எம் என்று கேட்டால் எஸ்பி ஊற்றலாம், எஸ்பி கேட்டால் எஸ்எம் ஊற்றக்கூடாது. கேனின் பின்பக்கத்தில் வளையம் போன்ற ஒரு வட்ட முத்திரை இருக்கும். அதன் மேல் வளைவில் வகுப்பும் நடுவில் கிரேடும் இருந்தால் அது ஏபிஐ உரிமம் பெற்ற ஆயில். மேலே எஸ்எஃப், எஸ்ஜி என்றெல்லாம் இருக்கும் மலிவான கேன்களும் கண்ணில் படுகின்றன. அவை இன்றைய காருக்கு எந்த வகையிலும் பொருந்தாத, ஏபிஐயே காலாவதியானவை என்று ஒதுக்கிய வகுப்புகள்.

எஸ்பி என்ற எழுத்துக்குப் பின்னால் சுவையான ஒரு கதை இருக்கிறது. சிறிய என்ஜினில் டர்போவைப் பொருத்தி, பெட்ரோலை நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வடிவமைப்பு பரவியபோது, குறைந்த சுழற்சியில் திடீரென ஆக்சிலரேட்டரை அழுத்தினால் பிளக் பொறிவதற்கு முன்பே கலவை தானாகப் பற்றிக்கொண்டு பிஸ்டனையே உடைக்கும் கோளாறு தலைதூக்கியது. ஆராய்ந்தபோது அதைத் தூண்டுவனவற்றுள் ஆயிலும் ஒன்று என்று தெரிந்தது: அழுக்கை நீக்கச் சேர்க்கப்படும் கால்சியம் கூட்டுப்பொருள் மிகுந்தால் கோளாறு கூடுகிறது, அதில் ஒரு பகுதியை மெக்னீசியமாக மாற்றினால் குறைகிறது. 2018-இல் எஸ்என் பிளஸ் என்ற இடைக்கால வகுப்பும் அதன் பிறகு எஸ்பியும் இதற்கான சோதனையோடு வந்தன. எஸ்பியில் டைமிங் செயின் தேய்மானத்துக்கும் சோதனை உண்டு. டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்கள் பழைய எஸ்என் கேன் ஒன்று வீட்டில் மிச்சமிருக்கிறதே என்று சிக்கனம் பார்க்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ஐரோப்பியத் தயாரிப்பாளர்களின் சங்கமான ஏசிஇஏயின் வகுப்புகளுக்கு இந்த அகரவரிசை வழக்கம் பொருந்தாது. ஏ/பி வரிசையும் சி வரிசையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய படிகள் அல்ல. இரு வேறு பாதைகள். சி வரிசை, புகைக்குழாயில் வடிகட்டி பொருத்திய வாகனங்களுக்கென்றே, எரிந்தால் சாம்பல் குறைவாக விடும்படி செய்யப்பட்டது. டிபிஎஃப் வடிகட்டியில் சேரும் புகைக்கரி கார்பன். வடிகட்டி போதிய அளவு சூடேறும்போது அது எரிந்து வாயுவாகிப் போய்விடும். ஆனால் சிலிண்டருக்குள் கசிந்து எரியும் சிறிதளவு ஆயிலில் உள்ள உலோகக் கூட்டுப்பொருள்கள் சாம்பலாகி வடிகட்டியிலேயே தங்கிவிடுகின்றன; சாம்பலை எரித்து நீக்க வழியில்லை. சி3 வகுப்பில் சல்பேட்டுச் சாம்பல் 0.8 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஏ5/பி5-இல் அது 1.6 சதவீதம் வரை போகலாம். சரியாக இருமடங்கு. கேடு ஒரே நாளில் தெரியாது என்பதுதான் இதில் சங்கடம். தவறான ஆயிலோடு கார் மாதக்கணக்கில் நன்றாகவே ஓடும், வடிகட்டியின் ஆயுள் மட்டும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருக்கும். அண்ணியிடம் விலையைப் பார்க்க வேண்டாம் என்று சொன்னதற்குக் காரணம் இதுவே: இரண்டு கேன்களுக்கிடையே உள்ள விலை வேறுபாடு வடிகட்டியின் விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

சில தயாரிப்பாளர்கள் இந்தப் பொது வகுப்புகளோடு நிறைவடையாமல் சொந்தத் தர எண்களை வைத்திருக்கிறார்கள். ஃபோக்ஸ்வேகன் 504 00/507 00, மெர்சிடிஸ் 229.51, பிஎம்டபிள்யூ லாங்லைஃப்-04, ஜெனரல் மோட்டார்ஸின் டெக்ஸோஸ் போன்றவை அத்தகையவை. கையேட்டில் இப்படி ஓர் எண் இருந்தால், கேனில் அதே எண் இருக்கிறதா என்று தேட வேண்டும். இருந்தாலும் எந்தச் சொல்லோடு இருக்கிறது என்று பார்க்க வேண்டும். "அங்கீகாரம் பெற்றது" என்றால் ஆயிலைத் தயாரிப்பாளரின் சோதனைகளுக்கு உட்படுத்தி ஒப்புதல் வாங்கியிருக்கிறார்கள் என்று பொருள். "இந்தத் தரம் தேவைப்படும் இடங்களில் பயன்படுத்தத் தக்கது" என்றால் ஆயில் நிறுவனம் தன் பொறுப்பில் சொல்கிறது என்று பொருள். இரண்டாவது பொய் என்று நான் சொல்லவில்லை. உத்தரவாதக் காலத்துக்குள் இருக்கும் காருக்கு முதல் வகையையே நான் வாங்குவேன்.

டைமிங் பெல்ட் ஆயிலுக்குள்ளேயே நனைந்தபடி ஓடும் சில என்ஜின்கள் உண்டு. அவற்றுக்கு இந்தக் கறார் இன்னும் அதிகமாகத் தேவை. அங்கே ஆயில் உலோகத்தோடு மட்டுமின்றி ரப்பரோடும் ஒத்துப்போக வேண்டும். பொருந்தாத ஆயிலும், நாள் கடந்து பெட்ரோல் கலந்து நீர்த்த ஆயிலும் பெல்ட்டை ஊறவைத்துச் சிதைக்கின்றன. உதிர்ந்த துணுக்குகள், ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பின் அடியில் உள்ள சல்லடையை அடைத்தால் ஆயில் பம்ப்புக்கு ஆயில் வராது. உங்கள் கார் அந்த வகையா என்று தெரியாவிட்டால் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இத்தனையும் பார்த்த பிறகுதான் சிந்தெட்டிக்கா, செமி சிந்தெட்டிக்கா, மினரலா என்ற கேள்வி வருகிறது. கடைகளில் அதுவே முதல் கேள்வியாக இருப்பது எனக்குச் சற்று எரிச்சலூட்டும். ஏபிஐ அடிப்படை எண்ணெய்களை ஐந்து குழுக்களாகப் பிரிக்கிறது. முதல் மூன்றும் கச்சா எண்ணெயிலிருந்து வருபவை, மூன்றாவது குழு மிகக் கடுமையாகச் சுத்திகரித்து மூலக்கூறுகளையே மாற்றியமைத்தது. நான்காவது வேதிமுறையில் கட்டிய பிஏஓ (பாலிஆல்ஃபாஓலிஃபின்) என்னும் எண்ணெய். எஸ்டர் போன்ற மற்றவை ஐந்தாவது. மூன்றாம் குழுவைச் சிந்தெட்டிக் என்று அழைக்கலாமா என்று அமெரிக்காவில் இரண்டு பெரிய ஆயில் நிறுவனங்களுக்கிடையே எழுந்த விளம்பரத் தகராறில், விளம்பரங்களை ஆராயும் அமைப்பு 1999-இல் அழைக்கலாம் என்று முடிவு சொன்னது. அன்றிலிருந்து அந்தச் சொல் பெரிதும் விற்பனைச் சொல்லாகிவிட்டது. செமி சிந்தெட்டிக் என்பதில் எத்தனை பங்கு எது என்பதற்கும் பொதுவான விகிதம் கிடையாது. ஆனாலும் சிந்தெட்டிக் ஆயில் குளிரில் இளகி ஓடுவதிலும் சூட்டில் கெடாமல் தாக்குப்பிடிப்பதிலும் மேம்பட்டது என்பது உண்மை. 0டபிள்யூ-20 போன்ற கிரேடுகளை மினரல் எண்ணெயில் செய்யவே இயலாது. கையேடு கேட்கும் கிரேடும் வகுப்பும் சரியாக அமைந்தால், அடிப்படை எண்ணெய் பெரும்பாலும் தானே சரியாக அமைந்துவிடும். நிறுவனத்தின் பெயர் என் வரிசையில் கடைசி. அதே தரச் சான்று உள்ள எதுவும் எனக்குச் சம்மதம்.

ஆயிலோடு தனியாகக் கலக்கச் சொல்லி விற்கப்படும் சிறு புட்டிகளை நான் வாங்குவதில்லை. தேய்மானத் தடுப்பு, துரு தடுப்பு, நுரை தடுப்பு, அழுக்கை மிதக்கவைப்பது, பாகுத்தன்மையைத் தாங்குவது எனப் பல கூட்டுப்பொருள்கள் கேனுக்குள் அளவறிந்தே கலக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சமநிலையில்தான் ஆயில் சோதனையில் தேறியது. அதேபோல வீட்டில் மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய ஆயில் மிச்சமிருந்தால் அதைக் காரில் ஊற்ற வேண்டாம், கார் ஆயிலை மோட்டார் சைக்கிளிலும் ஊற்ற வேண்டாம். பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கிளட்ச் என்ஜின் ஆயிலிலேயே நனைந்திருப்பதால், கார் ஆயிலில் உள்ள உராய்வுக் குறைப்பான்கள் கிளட்சை வழுக்கச் செய்துவிடும்.

சரியான ஆயிலை வாங்கியவர்களும் தடுக்கி விழும் இடம் கால இடைவெளி. கையேட்டில் கிலோமீட்டர் ஒன்றும் மாதம் ஒன்றும் சேர்ந்தே இருக்கும், எது முந்துகிறதோ அதுவே கணக்கு. குடும்பக் கார்கள் பலவும் பள்ளிக்கும் கடைக்கும் என்று இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓடி நிற்பவை. குளிர்விப்பு நீரைவிட ஆயில் மெதுவாகவே சூடேறும். அது முழுதாகச் சூடேறுவதற்குள் என்ஜினை நிறுத்திவிட்டால், உள்ளே படியும் நீர்த்திவலையும் எரியாமல் கசிந்த பெட்ரோலும் ஆவியாகி வெளியேற வாய்ப்பே கிடைக்காது. ஆண்டுக்கு நான்காயிரம் கிலோமீட்டர்தான் ஓடுகிறது, ஆயில் புதிதாகத்தானே இருக்கும் என்று சொல்பவர்களின் ஆயில், நெடுஞ்சாலையில் பத்தாயிரம் கிலோமீட்டர் ஓடியதைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும். கையேட்டில் "கடுமையான பயன்பாடு" என்ற பகுதியைப் படித்தால், குறுகிய பயணமும், நெரிசலில் ஊர்வதும், தூசிச் சாலையும் அதில் இருப்பதைக் காணலாம். நம்மில் பலர் அந்தப் பட்டியலுக்குள்தான் வருகிறோம்.

நிறத்தைப் பார்த்து முடிவு செய்வது பலனளிக்காது. டீசல் என்ஜினில் ஊற்றிய புது ஆயில் சில நூறு கிலோமீட்டருக்குள் கருத்துவிடும். கரியைத் தன்னுள் ஏந்திக்கொள்கிறது, அதாவது வேலையைச் செய்கிறது என்றே அதற்குப் பொருள். பால் கலந்த நிறத்தில் வெண்மையாக மாறினால் மட்டும் கவலைப்பட வேண்டும். தண்ணீரோ குளிர்விப்புத் திரவமோ உள்ளே கலந்திருக்கிறது.

அண்ணன் சி3 கேனை வாங்கி, ஆயில் ஃபில்டரையும் டிரெயின் போல்ட்டின் வாஷரையும் சேர்த்தே மாற்றினார். எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டபோது, கையேட்டில் ஃபில்டரோடு சேர்த்த அளவைப் பார்த்து, அதில் அரை லிட்டர் குறைவாக ஊற்றிவிட்டு, சமதளத்தில் வண்டியை நிறுத்தி, என்ஜினைச் சிறிது நேரம் ஓடவிட்டு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்க்கச் சொன்னேன். பல கார்களில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லிட்டர் இருக்கும். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றுவது தாராளம் ஆகாது. சுழலும் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும், நுரை பேரிங்கைத் தாங்காது. இறக்கிய பழைய ஆயிலை மூடியுள்ள கேனில் நிரப்பி மறுசுழற்சிக்கு எடுத்துக்கொள்பவரிடம் கொடுத்தார். வடிகாலில் ஊற்றவில்லை என்பதை அண்ணி எனக்குத் தனியாகத் தெரிவித்தார்.

கேனில் முக்கால் லிட்டர் மிச்சம். அதை என்ன செய்வது என்பது அண்ணியின் கடைசிக் கேள்வி. மூடியை இறுக்கி, தூசியும் ஈரமும் படாத இடத்தில் வைத்து, திறந்த தேதியையும் அப்போதைய கிலோமீட்டரையும் கேன் மேலேயே எழுதிவைக்கச் சொன்னேன். இடையில் அளவு குறைந்தால் அதையே ஊற்றலாம். பயணத்தின் நடுவே எச்சரிக்கை விளக்கு எரிந்து, அதே ஆயில் கிடைக்காமல் போனால், அதே வகுப்பில் வேறு நிறுவனத்தின் ஆயிலைக் கலந்துகொள்வதில் தவறில்லை. ஆயில் இல்லாமல் ஓட்டுவதைவிட அது எவ்வளவோ மேல். இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணியே டிப்ஸ்டிக்கை இழுத்துத் துணியில் துடைத்துப் பார்க்கிறார். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அதன் படம் எனக்கு வருகிறது.